தரவுத்தளம் ஊதிப்போனால் முதலில் எங்கே பார்ப்பது?

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைக் குலை வாங்கும் மையமானாலும் சரி, லாரி கம்பெனியானாலும் சரி, உரக்கடையானாலும் சரி, எங்கே போனாலும் மேசைமேல் ஒரு கணினியும் அதில் ஒரு எடை புரோகிராமும் இருக்கும். அதை யார் எழுதிக் கொடுத்தார்கள் என்பதே பல இடங்களில் முதலாளிக்கு மறந்துபோயிருக்கும். பாலிடெக்னிக் முடித்து ஊருக்கே திரும்பி வந்த பிள்ளையைப் பார்த்ததும், "நீ கம்ப்யூட்டர் படிச்ச பிள்ளைதானே, இதையும் கொஞ்சம் பாத்துக்கய்யா" என்று சர்வரின் பாஸ்வேர்டை ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்துவிடுவார்கள். அந்தப் பிள்ளைகளுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

புகார் பெரும்பாலும் ஒரே மாதிரி வரும். டிஸ்க் நிறைகிறது, ஆனால் டிக்கெட் எண்ணிக்கை அவ்வளவு கூடவில்லை. காலையில் சட்டென்று திறந்த திரை சாயங்காலம் இழுக்கிறது. இணையத்தில் தேடினால் 'வேக்கூம் ஃபுல் போடு' (டேபிளை முழுக்கத் திரும்ப எழுதிச் சுருக்கும் கட்டளை) என்று யாராவது சொல்லியிருப்பார்கள். அதை மட்டும் இப்போதே போடாதீர்கள். எதனால் ஊதியது என்று தெரியாமல் சுத்தம் செய்தால் கொஞ்ச நாளில் திரும்பவும் அதே அளவுக்கு வந்து நிற்கும், அது ஓடும் நேரம் முழுக்க எடைப்பாலத்தில் லாரிகளும் வரிசையில் நிற்கும்.

நான் பார்த்துக்கொள்ளும் இடங்களில் இருப்பது போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருள் என்பதால் அதை வைத்தே சொல்கிறேன். கட்டளைகளின் பெயரை உச்சரிப்பின்படி தமிழெழுத்தில் தருகிறேன். டைப் செய்யும்போது ஆங்கில எழுத்தில் அடியுங்கள், அடிக்கோடு உள்ள இடத்தில் அடிக்கோடு.

செத்த வரி எப்படி உண்டாகிறது

ஓர் எடை டிக்கெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். லாரி குலையோடு பாலத்தில் ஏறுகிறது, மொத்த எடையோடு ஒரு வரி உள்ளே போகிறது. தரம் பார்ப்பவர் பழுக்காத குலை எத்தனை, அழுகியது எத்தனை என்று பதிகிறார்; அது ஓர் அப்டேட். குலையைக் கொட்டிவிட்டு வெறும் லாரி திரும்ப ஏறுகிறது, இன்னோர் அப்டேட். விலை போட்டுக் கணக்குப் பார்ப்பது ஒன்று, ரசீது அச்சாகிவிட்டது என்று குறிப்பது ஒன்று. நம் கண்ணுக்கு ஒரே டிக்கெட்தான். ஆனால் போஸ்ட்கிரெஸ் அப்டேட் செய்யும்போது பழைய வரியை அழித்து அதே இடத்தில் எழுதுவதில்லை. தோட்டத்துக் கிராணி (எழுத்தர்) செக்ரோல் என்ற சம்பளப் பதிவுப் புத்தகத்தில் தப்பான வரியை அடித்துவிட்டுக் கீழே புதிதாக எழுதுவதுபோல, பழையதை அப்படியே விட்டுவிட்டுப் புதிய வரியை வேறோர் இடத்தில் எழுதுகிறது. ஆக ஒரு டிக்கெட்டுக்கு ஓர் உயிருள்ள வரி, நான்கு செத்த வரிகள். டெலீட்டும் இப்படித்தான், வரி அங்கேயே இருக்கும், செத்துவிட்டது என்ற குறி மட்டும் விழும்.

இதை நீங்களே பார்க்கலாம், பார்த்துவிட்டால் மறக்காது. சோதனைக்கு ஒரு சின்ன டேபிள் உண்டாக்கி ஒரு வரி போடுங்கள். பிறகு செலெக்ட் கேட்கும்போது உங்கள் பத்திகளோடு சிடிஐடி, எக்ஸ்மின், எக்ஸ்மேக்ஸ் ஆகியவற்றையும் சேர்த்துக் கேளுங்கள். இவை எல்லா டேபிளிலும் மறைந்திருக்கும் பத்திகள். எக்ஸ்மின், எக்ஸ்மேக்ஸ் இரண்டும் அந்த வரியை எழுதிய, சாகடித்த டிரான்சாக்‌ஷன்களின் எண்கள் (டிரான்சாக்‌ஷன் என்பது முழுதாக முடிய வேண்டிய, இல்லையென்றால் நடக்காததாகவே போகும் வேலைத் தொகுதி). சிடிஐடி என்பது வரி இருக்கும் முகவரி: எந்தப் பக்கம் (கோப்பின் 8 கேபி துண்டு), அதில் எத்தனையாவது இடம். முதலில் (0,1) என்று வரும். அந்த வரியையே ஒரு தடவை அப்டேட் செய்துவிட்டுத் திரும்பக் கேட்டால் (0,2). வரி இடம் மாறிவிட்டது, (0,1)-இல் பழையது செத்துக் கிடக்கிறது.

ஏன் இப்படி வைத்தார்கள்? நீங்கள் அப்டேட் செய்துகொண்டிருக்கும் அதே நேரத்தில் கணக்கர் மாதாந்திர ரிப்போர்ட் எடுத்துக்கொண்டிருக்கலாம். அவர் தொடங்கிய நேரத்தில் இருந்த படமே கடைசிவரை அவருக்குத் தெரிய வேண்டும், அதற்காக உங்களை நிறுத்தி வைக்கவும் கூடாது. 1986-இல் பெர்க்லியில் இந்தத் தரவுத்தளத்தைத் தொடங்கியபோது, பழைய நிலையையும் பின்னால் கேட்டுப் பார்க்கலாம் என்பதற்காகவே பழைய வரிகளை வைத்திருந்தார்கள். அந்த வசதி பிற்பாடு போய்விட்டது, பழைய வரிகளை அள்ளும் வேக்கூம் வேலை மட்டும் தங்கிவிட்டது. 2002-இல் 7.2 பதிப்பு வருவதற்கு முன்புவரை வேக்கூம் ஓடினால் டேபிளே பூட்டப்படும். 2008-இல் வந்த 8.3-இலிருந்து ஆட்டோவேக்கூம் தானாகவே இயங்கும் நிலையில் வருகிறது. அதனால் இன்றைக்கு உங்கள் சர்வரில் யாரோ ஒருவர் பின்னால் இருந்து கூட்டிக்கொண்டுதான் இருக்கிறார். அவரால் ஏன் முடியவில்லை என்பதைக் கண்டுபிடிப்பதுதான் உங்கள் வேலை.

இன்னொன்றை இங்கேயே தெளிவாக்கிக்கொள்ளுங்கள். செத்த வரியும் ஊதலும் வேறு வேறு. செத்த வரி என்பது இன்னும் கூட்டப்படாதது. வேக்கூம் ஓடியதும் அந்த இடம் காலியாகி அடுத்த வரிக்குத் தயாராகிறது, ஆனால் கோப்பின் அளவு குறையாது (கோப்பின் கடைசிப் பக்கங்கள் முழுக்கக் காலியாக இருந்தால் மட்டும் அந்த வால் பகுதியை வெட்டித் திருப்பித் தரும்). கோப்புக்குள் காலியாகக் கிடக்கும் அந்த இடம்தான் ஊதல். வேக்கூம் போட்டும் டிஸ்க் குறையவில்லையே என்று பதறும் புதியவர்கள் பெரும்பாலும் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள்.

முதல் படி: எது பெருத்திருக்கிறது

முதலில் பெருத்தது தரவுத்தளம்தானா என்று பாருங்கள். லினக்ஸ் என்றால் டியூ கட்டளையால் தரவு அடைவுக்குள் எந்த அடைவு எவ்வளவு என்று எடுக்கலாம். பிஜி_வால் அடைவு (மாற்றங்களை முதலில் எழுதிவைக்கும் கோப்புகள் இருக்கும் இடம்) பெருத்திருந்தால் கதையே வேறு: ஆர்க்கைவ் வேலை தோற்றுக்கொண்டிருக்கலாம், அல்லது நகல் சர்வருக்காக அந்தக் கோப்புகளைப் பிடித்து வைக்கும், ஆனால் யாரும் படிக்காத ரெப்ளிகேஷன் ஸ்லாட் ஒன்று கிடக்கலாம். அந்த அடைவிலுள்ள கோப்புகளைக் கையால் அழிக்கவே அழிக்காதீர்கள், தரவுத்தளம் எழும்பாமலே போய்விடும்.

டேபிள்தான் என்று தெரிந்தால், பிஜி_டோட்டல்_ரிலேஷன்_சைஸ் என்ற செயல்பாட்டை எல்லா டேபிளுக்கும் கேட்டுப் பெரியதிலிருந்து சின்னதாக வரிசைப்படுத்துங்கள். எண்ணைப் படிக்க வசதியாக பிஜி_சைஸ்_பிரெட்டியைச் சேர்த்துக்கொள்ளலாம். மேலே வரும் நாலைந்து டேபிளுக்கு மட்டும் பிஜி_ரிலேஷன்_சைஸ், பிஜி_இன்டெக்ஸஸ்_சைஸ் இரண்டையும் தனித்தனியாக எடுங்கள். டேபிளைவிட இன்டெக்ஸ் பெரிதாக இருப்பதைப் பார்த்து ஆச்சரியப்படாதீர்கள், அடிக்கடி நடப்பதுதான்.

இரண்டாவது படி: செத்தது எத்தனை, கடைசியாக எப்போது கூட்டினார்கள்

பிஜி_ஸ்டாட்_யூசர்_டேபிள்ஸ் என்ற வியூவில் ரெல்நேம், என்_லைவ்_டப், என்_டெட்_டப், லாஸ்ட்_ஆட்டோவேக்கூம், ஆட்டோவேக்கூம்_கவுண்ட் ஆகிய ஐந்து பத்திகளைப் பாருங்கள். என்_டெட்_டப் அதிகம் என்பதாலேயே நோய் என்று முடிவு கட்ட வேண்டாம். ஆட்டோவேக்கூம் எப்போது கிளம்பும் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது: 50 வரி, கூட டேபிளின் மொத்த வரிகளில் 20 விழுக்காடு. பத்து லட்சம் வரி உள்ள டிக்கெட் டேபிளில் 2,00,050 வரி சாகும்வரை அது அசையாது. அதனால் ஒன்றரை லட்சம் செத்த வரி தெரிந்தால் அது இன்னும் முறை வராதது, அவ்வளவுதான். செத்த வரி அந்தக் கணக்கைத் தாண்டிப் பல மடங்கு போயிருக்கிறது, லாஸ்ட்_ஆட்டோவேக்கூம் சற்று முன்னால்தான் நடந்ததாகவும் காட்டுகிறது என்றால்தான் நிமிர்ந்து உட்கார வேண்டும். கூட்டிவிட்டுப் போயிருக்கிறார், குப்பை அப்படியே இருக்கிறது என்று பொருள்.

நம் ஊருக்கு ரொம்பப் பொருந்தும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். மத்தியான மழையில் இடி இடித்து மின்சாரம் போகும், யூபிஎஸ் பேட்டரி எப்போதோ செத்திருக்கும், சர்வர் பட்டென்று அணையும். போஸ்ட்கிரெஸ் திரும்ப எழும்போது தரவு பத்திரமாக இருக்கும், ஆனால் இந்தப் புள்ளிவிவரங்கள் எல்லாம் பூச்சியமாகிவிடும். டேபிளில் செத்த வரிகள் இருக்கின்றன, எண்ணிக்கை மட்டும் மறந்துபோயிற்று. ஆட்டோவேக்கூம் அந்த எண்ணிக்கையை நம்பித்தான் ஓடுகிறது. அப்படி அணைந்து எழுந்த ஒவ்வொரு முறையும் தரவுத்தளம் முழுவதற்கும் ஒரு தடவை அனலைஸ் போட்டுவிடுங்கள். மதிப்பீடு திரும்ப வந்துவிடும்.

மூன்றாவது படி: யார் பிடித்து வைத்திருக்கிறார்கள்

இதில்தான் நேரம் செலவழிக்க வேண்டும். செத்த வரியை வேக்கூம் எப்போது அள்ளலாம்? அதைப் பார்க்க வேண்டிய தேவை யாருக்கும் இல்லாதபோது. எங்கோ ஒரு பழைய டிரான்சாக்‌ஷன் திறந்தபடி இருந்தால், அது தொடங்கியதற்குப் பிறகு செத்த எதையும் தொட முடியாது. அந்த டிரான்சாக்‌ஷன் தொட்ட டேபிளில் மட்டுமல்ல, அந்தத் தரவுத்தளத்தின் எல்லா டேபிளிலும்.

எடை புரோகிராம்கள் சிலவற்றில் இது எப்படி நடக்கிறது என்று பாருங்கள். லாரி ஏறியதும் டிரான்சாக்‌ஷன் தொடங்கி மொத்த எடையை எழுதுகிறது. வெறும் லாரி திரும்பி வந்து ஏறும்வரை கமிட் செய்யாமல் (முடித்து உறுதிப்படுத்தாமல்) வைத்திருக்கிறது. லாரி கால் மணி நேரத்தில் வந்தால் பெரிய கேடில்லை. ஆனால் முற்றத்தில் டயர் பஞ்சர், அல்லது டிரைவர் சாப்பிடப் போய்விட்டார், அல்லது பாலத்து அக்கா திரையை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குக் கிளம்பிவிட்டார் என்றால்? இரவு முழுக்க அந்த டிரான்சாக்‌ஷன் திறந்தே கிடக்கும்.

அதே தரவுத்தளத்தில் லாரிகளின் இருப்பிடத்தைக் காட்டும் டேபிள் ஒன்றும் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 30 லாரி, அதனால் 30 வரி. 10 வினாடிக்கு ஒருமுறை ஒவ்வொன்றும் அப்டேட் ஆகிறது. ஒரு நாளைக்கு 2,59,200 அப்டேட். வரி ஒன்று சுமார் 100 பைட் என்றால் 30 வரியும் 8 கேபி பக்கம் ஒன்றிலேயே அடங்க வேண்டியவை; டிக்கெட் திரை ஒரு நாள் திறந்து கிடந்தால் அந்தக் குட்டி டேபிள் 25 எம்பியைத் தாண்டிவிடும், 30 லாரியைக் காட்ட ஒவ்வொரு தடவையும் அத்தனையையும் புரட்ட வேண்டியிருக்கும். டிஸ்க்குக்கு 25 எம்பி பெரிதில்லை, ஆனால் சாயங்காலம் திரை இழுப்பதற்குக் காரணம் இதுதான். யாரும் அந்த டேபிளைச் சந்தேகப்பட மாட்டார்கள், 30 வரிதானே என்று விட்டுவிடுவார்கள்.

கண்டுபிடிக்க: பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டி வியூவில் பிஐடி, யூஸ்நேம், கிளையன்ட்_அட்ரஸ் (பத்தியின் பெயர் கிளையன்ட்_ஏடிடிஆர் என்று சுருக்கமாக இருக்கும்), ஸ்டேட், எக்ஸாக்ட்_ஸ்டார்ட் (முதல் சொல்லை எக்ஸ், ஏ, சி, டி என்று அடியுங்கள்), பேக்எண்ட்_எக்ஸ்ஐடி, பேக்எண்ட்_எக்ஸ்மின், குவெரி ஆகியவற்றை எடுத்து எக்ஸாக்ட்_ஸ்டார்ட் படி பழையது மேலே வரும்படி அடுக்குங்கள். ஸ்டேட் பத்தியில் 'ஐடில் இன் டிரான்சாக்‌ஷன்' என்றிருந்து, நேரம் மணிக்கணக்கில் பழையதாக இருந்தால் ஆள் கிடைத்துவிட்டார். எக்ஸ்ஐடி, எக்ஸ்மின் இரண்டும் காலி என்றால் மட்டும் அந்த இணைப்பு வேக்கூமைத் தடுக்கவில்லை, விட்டுவிடலாம். இரண்டில் ஒன்றுக்கு எண் இருந்தாலும் தடுக்கிறது.

உறுதிப்படுத்த வேண்டுமென்றால் சந்தேகப்படும் டேபிளுக்கு வேக்கூம் வெர்போஸ் போடுங்கள். நீக்கியது இத்தனை, மீதி இத்தனை, செத்தும் இன்னும் நீக்க முடியாதவை இத்தனை என்று எழுதும். கடைசி எண் பெரிதாக இருந்தால் வேக்கூமை நூறு தடவை போட்டாலும் பயன் கிடையாது.

ஆக்டிவிட்டியில் யாரும் சிக்கவில்லை என்றால் இன்னும் மூன்று இடம் பாக்கி. பிஜி_பிரிப்பேர்டு_எக்ஸாக்ட்ஸ் வியூவில் இரண்டு கட்டக் கமிட்டில் பாதியில் நின்ற டிரான்சாக்‌ஷன் இருக்கலாம், சர்வரை அணைத்துப் போட்டாலும் அது போகாது. பிஜி_ரெப்ளிகேஷன்_ஸ்லாட்ஸில் எப்போதோ கழற்றிப்போட்ட ஸ்டாண்ட்பை (நகல்) சர்வரின் ஸ்லாட் தங்கியிருக்கலாம். ஸ்டாண்ட்பை உயிரோடு இருந்து அதில் ஹாட்_ஸ்டாண்ட்பை_ஃபீட்பேக் இயங்கினால், அங்கே ஓடும் நீண்ட ரிப்போர்ட்டும் இங்கே பிடித்து வைக்கும்.

ஆளைப் பிடித்தாயிற்று, இப்போது அவசரப்பட்டுத் துண்டிக்காதீர்கள். கிளையன்ட் முகவரி பாலத்துக் கணினியுடையது என்றால் எழுந்து போய், "அக்கா, பாதியில நிக்கிற டிக்கெட் ஏதும் இருக்கா? எடைய தாள்ல எழுதி வச்சுக்கிட்டீங்களா?" என்று கேளுங்கள். துண்டித்தால் கமிட் ஆகாத எடை போய்விடும், அது ஒரு சிறுதோட்டக்காரருக்குச் சேர வேண்டிய காசு. எடையை எழுதிக்கொண்ட பிறகு பிஜி_டெர்மினேட்_பேக்எண்ட் செயல்பாட்டுக்கு அந்த பிஐடியைக் கொடுங்கள். பிஜி_கேன்சல்_பேக்எண்ட் இங்கே உதவாது, அது ஓடிக்கொண்டிருக்கும் கேள்வியை மட்டும்தான் நிறுத்தும், சும்மா உட்கார்ந்திருப்பவரை எழுப்பாது.

நிரந்தரத் தீர்வு புரோகிராமில்தான் இருக்கிறது. மொத்த எடையை எழுதி உடனே கமிட், வெறும் எடையை எழுதி உடனே கமிட், இரண்டுக்கும் நடுவில் எதுவும் திறந்திருக்கக் கூடாது. எழுதிக் கொடுத்தவரிடம் இந்த ஒரு வாக்கியத்தைச் சொன்னாலே அவருக்குப் புரிந்துவிடும். அவர் மாற்றித் தரும்வரை ஐடில்_இன்_டிரான்சாக்‌ஷன்_செஷன்_டைம்அவுட் என்ற அமைப்பை வைக்கலாம், 9.6 பதிப்பிலிருந்து இருக்கிறது. லாரி ஒன்று உள்ளே போய் வெளியே வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று விசாரித்துவிட்டு அதைவிடத் தாராளமாக வையுங்கள், இல்லாவிட்டால் பாலத்தில் திட்டு வாங்குவீர்கள்.

நான்காவது படி: ஊதலை அளப்பது

பிடித்திருந்தது விடுபட்டதும் சாதாரண வேக்கூம் ஒன்று போடுங்கள், அது ஓடும்போது எழுதலாம், படிக்கலாம், எதுவும் நிற்காது. அப்புறம் காலி இடம் எவ்வளவு என்று பார்க்க பிஜிஸ்டாட்டப்பிள் என்ற எக்ஸ்டென்ஷனைச் சேர்த்துக்கொள்ளுங்கள், போஸ்ட்கிரெஸோடு வருவதுதான். டேபிள் பெயரைக் கொடுத்தால் டெட்_டப்பிள்_பெர்சென்ட், ஃப்ரீ_பெர்சென்ட் என்று தரும். டேபிள் முழுவதையும் படிக்கும் என்பதால் பெரிய டேபிளுக்கு இரவில் ஓட்டுங்கள், அல்லது பிஜிஸ்டாட்டப்பிள்_அப்ராக்ஸ் பயன்படுத்துங்கள்.

காலி இடம் 20, 30 விழுக்காடு இருந்தால் நான் தொட மாட்டேன். ஓயாமல் அப்டேட் ஆகும் டேபிளுக்கு அந்த இடம் தேவை, நாளைக்கு வரும் வரிகள் அங்கேதான் உட்காரும். சுருக்கிவிட்டால் நாளைக்கே திரும்ப வளரும். 60, 70 விழுக்காடு காலி, டேபிளும் ஜிபி கணக்கில் என்றால்தான் சுருக்குவதைப் பற்றி யோசிப்பேன்.

இன்டெக்ஸுக்கு பிஜிஸ்டாட்இன்டெக்ஸ், அதில் ஆவரேஜ் லீஃப் டென்சிட்டி எண்ணை (இன்டெக்ஸ் பக்கங்கள் எத்தனை விழுக்காடு நிரம்பியுள்ளன என்பதை) பாருங்கள். புதிதாகக் கட்டிய இன்டெக்ஸில் 90 விழுக்காட்டை ஒட்டி இருக்கும். பாதிக்குக் கீழே இறங்கியிருந்தால் ரீஇன்டெக்ஸ் கன்கரன்ட்லி போடுங்கள், 12 பதிப்பிலிருந்து இருக்கிறது, எழுதும் வேலையை நிறுத்தாமல் புதிதாகக் கட்டும். இன்டெக்ஸை மட்டும் சரிசெய்தே பிரச்சினை தீர்ந்த இடங்கள் உண்டு, அதனால் டேபிளில் கை வைக்கும் முன் இதைச் செய்வது நல்லது.

ஐந்தாவது படி: கடைசியாகத்தான் சுருக்குவது

வேக்கூம் ஃபுல் டேபிளைப் புதிய கோப்பில் முழுக்க எழுதிவிட்டுப் பழையதைத் தூக்கிப்போடும். முடியும்வரை அந்த டேபிளை யாரும் படிக்கக்கூட முடியாது. புதிய பிரதிக்கும் இன்டெக்ஸுகளுக்கும் டிஸ்க்கில் இடம் வேண்டும், அதனால் டிஸ்க் நிறைந்தபின் இதைப் போட்டால் பாதியில் தோற்கும். இடம் இல்லையென்றால் முதலில் பழைய பேக்கப், பழைய லாக் கோப்புகளை வேறு டிஸ்க்குக்கு மாற்றுங்கள். பிஜி_ஸ்டாட்_யூசர்_இன்டெக்ஸஸில் ஐடிஎக்ஸ்_ஸ்கேன் பூச்சியமாகவே இருக்கும் இன்டெக்ஸ் இருந்தால், யூனிக் கட்டுப்பாட்டுக்காக வைத்ததில்லை என்று உறுதி செய்துகொண்டு நீக்கலாம், அந்த இடம் உடனே கிடைக்கும். லாரி வராத நாளாகப் பார்த்துச் செய்யுங்கள். நிறுத்தவே முடியாத இடம் என்றால் பிஜி_ரீபேக் என்ற தனிக் கருவி இருக்கிறது, தொடக்கத்திலும் முடிவிலும் மட்டும் சற்று நேரம் பூட்டும். டேபிளுக்கு பிரைமரி கீ, அல்லது காலியாக விட முடியாத பத்தியில் யூனிக் இன்டெக்ஸ் இருக்க வேண்டும், இடம் இதற்கும் வேண்டும்.

திரும்ப ஊதாமல் இருக்க

பெரிய டேபிளுக்கு அந்த 20 விழுக்காடு ரொம்பத் தாமதம். டிக்கெட் டேபிளுக்கு மட்டும் ஆல்டர் டேபிள் வழியாக ஆட்டோவேக்கூம்_வேக்கூம்_ஸ்கேல்_ஃபாக்டரை 0.02 என்று வைத்தால் 2 விழுக்காட்டிலேயே கிளம்பிவிடும். அடிக்கடி, கொஞ்சம் கொஞ்சமாக. சர்வர் மெதுவாக இருக்கிறது என்று ஆட்டோவேக்கூமை யாராவது நிறுத்தச் சொன்னால் கேட்காதீர்கள்.

லாரி இருப்பிட டேபிளுக்கு வேறு வைத்தியம். மாறும் பத்தியில் இன்டெக்ஸ் இல்லாமல், அதே பக்கத்தில் இடமும் இருந்தால், போஸ்ட்கிரெஸ் இன்டெக்ஸைத் தொடாமலே புதிய வரியை எழுதும். அந்தப் பக்கத்தைப் பின்னால் படிப்பவரே செத்ததை ஒதுக்கிவிடுவார், வேக்கூமுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. அதனால் அட்சரேகை, தீர்க்கரேகைப் பத்திகளில் இன்டெக்ஸ் போடாதீர்கள், ஃபில்ஃபாக்டரை (பக்கத்தை எத்தனை விழுக்காடுவரை நிரப்பலாம் என்ற அமைப்பை) 100-இலிருந்து 70-க்கு இறக்குங்கள். என்_டப்_யுபிடியோடு என்_டப்_ஹாட்_யுபிடி எண்ணை ஒப்பிட்டால் பலித்ததா என்று தெரியும். இரண்டும் கிட்டத்தட்ட சமமாக ஏற வேண்டும்.

பழைய டிக்கெட்டுகளை டெலீட் போட்டுக் குறைக்கலாம் என்று முதலாளி சொல்வார். வருமான வரிக்காக வணிகக் கணக்கு ஆவணங்களை 7 ஆண்டு வைத்திருக்க வேண்டும், அதனால் முதலில் கணக்கரைக் கேளுங்கள். அவர் சரி என்றாலும், ஓர் ஆண்டு டிக்கெட்டை டெலீட் செய்வது அத்தனை வரியையும் ஒரே நாளில் சாகடிப்பதுதான், கோப்பும் பெரும்பாலும் குறையாது. ஆண்டுவாரியாக பார்ட்டிஷன் பிரித்து வைத்திருந்தால் அந்த ஆண்டை பேக்கப் எடுத்துவிட்டு அந்த பார்ட்டிஷனை மட்டும் டிராப் செய்யலாம், நொடியில் இடம் திரும்பிவிடும். இந்த வசதி 10 பதிப்பிலிருந்து நேரடியாக இருக்கிறது.

உங்கள் இடத்தில் இருப்பது மைஎஸ்கியூஎல் என்றால் பழைய வரிகள் அன்டூ பகுதியில் சேரும், ஷோ என்ஜின் இன்னோடிபி ஸ்டேட்டஸில் ஹிஸ்டரி லிஸ்ட் லெங்த் எண்ணைப் பாருங்கள். கட்டளைகள்தான் வேறு. திறந்து கிடக்கும் டிரான்சாக்‌ஷனை முதலில் தேட வேண்டும் என்பது அங்கேயும் அப்படியே.

இவ்வளவும் செய்தபின் லாக்_ஆட்டோவேக்கூம்_மின்_டியூரேஷனை 0 என்று வைத்து ஒரு வாரம் விடுங்கள். ஒவ்வொரு ஆட்டோவேக்கூமும் எத்தனை வரி அள்ளியது, எத்தனையை அள்ள முடியவில்லை என்று லாகில் விழும். ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில் 'அள்ள முடியாதவை' ஏறினால், அந்த நேரத்தில் யாருடைய திரை திறந்திருக்கிறது என்று போய்ப் பாருங்கள். இந்த அமைப்பை மாற்ற சர்வரை நிறுத்த வேண்டியதில்லை, பிஜி_ரீலோட்_கான்ஃப் போதும்.